வேலூர் வெயிலில் ஓடும் பிக்கப் வண்டிக்கு எந்தக் கிரேடு இன்ஜின் ஆயில்? – முழுமையான வழிகாட்டி

வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றி வரும் பொலேரோ பிக்கப் முதல், ஆம்பூர், பேரணாம்பட்டுத் தோல் தொழிற்சாலைகளின் சரக்கைச் சென்னைக்குக் கொண்டுபோகும் தோஸ்த் வரை, பழைய வட ஆர்க்காட்டின் சிறு சரக்குப் போக்குவரத்து பெரும்பாலும் பிக்கப் வண்டிகளை நம்பித்தான் நடக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 மாசு விதி வந்தபின் இவ்வண்டிகளின் இன்ஜினும் புகைக்குழாயும் அடியோடு மாறிவிட்டன. ஆனால் எந்த ஆயில் ஊற்றுவது என்று கேட்டால் மட்டும் பல ஷெட்டுகளில் இருபது வருடத்துக்கு முந்தைய பதிலே இன்னும் கிடைக்கிறது: “இன்னாண்ணா, நம்மூரு வெயிலுக்குத் தண்ணி மாதிரி ஆயிலை ஊத்தினா இன்ஜின் தாங்குமா? கெட்டியா ஊத்து.”

வெயில் கடுமையானது என்பதில் சந்தேகமில்லை. மே மாதத்தில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஆனால் அந்த 40 டிகிரி, ஆயில் கிரேடைத் தேர்ந்தெடுக்கும் கணக்கில் நாம் நினைக்கும் அளவுக்கு இடம்பெறுவதில்லை. கையேட்டில் சொல்லப்பட்ட கிரேடு, டப்பாவின் பின்புறம் அச்சிட்டிருக்கும் தரக்குறியீடு, வண்டி சுமக்கும் லோடு ஆகிய மூன்றும்தான் முடிவு செய்பவை. அதுவும் இதே வரிசையில்.

முதல் படி: உங்கள் வண்டி எந்தக் காலத்தது என்று உறுதி செய்யுங்கள்

ஒரே பெயரில் ஓடும் இரண்டு பிக்கப்புகளுக்கு வேறு வேறு ஆயில் தேவைப்படலாம். பிஎஸ்4 காலத்து வண்டிக்குப் பழகிய மெக்கானிக், அதே பெயருள்ள பிஎஸ்6 வண்டிக்கும் அதே டப்பாவைத் திறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஆகவே ஆர்.சி. அட்டையில் மாசு விதி என்ன என்பதையும், தயாரான மாதத்தையும் ஆண்டையும் முதலில் பாருங்கள். அடுத்து எரிபொருள் டீசலா, பெட்ரோலா, சிஎன்ஜியா என்பது. டீசல் என்றால் புகைக்குழாயில் டிபிஎஃப் எனப்படும் புகைக்கரி வடிகட்டி உண்டா என்பதைக் கையேட்டிலோ டாஷ்போர்டு விளக்குகளின் பட்டியலிலோ பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பிஎஸ்6 டீசல் பிக்கப்பில் அது பெரும்பாலும் இருக்கும். இருந்தால் உங்கள் தேர்வில் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது. காரணம் பின்னால் வரும்.

இரண்டாம் படி: கையேட்டைத் திறந்து நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

கையேடு பெரும்பாலும் சீட்டுக்கு அடியிலோ வீட்டுப் பரணிலோ கிடக்கும். தேடி எடுங்கள், கிடைக்காவிட்டால் கம்பெனியின் இணையதளத்திலிருந்து உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய பிரதியை இறக்கிக்கொள்ளலாம். அதில் ஆயில் கிரேடு, தரக்குறியீடு, பில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டருக்கு அல்லது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற நான்கும் இருக்கும். சில கையேடுகளில் ஒரே ஒரு கிரேடு மட்டும் சொல்லப்பட்டிருக்கும். அப்படியானால் தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை, அதைத்தான் ஊற்ற வேண்டும். சில கையேடுகளில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு மூன்று கிரேடுகளைக் காட்டும் பட்டை வரைபடம் இருக்கும். இந்த வழிகாட்டியின் மீதிப் பகுதி அந்த இரண்டாம் வகையினருக்கே அதிகம் பயன்படும். கையேடு அனுமதிக்காத கிரேடை ஊற்றினால், வாரண்டி காலத்தில் இன்ஜின் வேலை வந்தால் கம்பெனி கைவிரிக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாம் படி: டப்பாவில் உள்ள எண்களைப் படியுங்கள்

15டபிள்யூ-40 என்று எழுதியிருந்தால் அதில் இரண்டு தனித்தனிச் செய்திகள் உள்ளன. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் இன்ஜினைக் கிளப்பும்போதும் பம்ப் ஆயிலை இழுக்கும்போதும் அது எவ்வளவு கெட்டிப்படும் என்பதைச் சொல்கிறது. எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு வகுத்த தரத்தின்படி 15டபிள்யூ ஆயிலின் கிளப்பும் சோதனை மைனஸ் 20 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 30 டிகிரியிலும் நடக்கிறது. ஏலகிரியிலோ ஜமுனாமரத்தூரிலோ மார்கழி விடியலில் கூட அதன் பக்கம் நாம் போவதில்லை. ஆகவே கிளப்பும் திறனை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த முன் எண் நமக்கு அவ்வளவு முக்கியமில்லை. எனினும் முன் எண் குறைந்த ஆயில், காலையில் முதல்முறை கிளப்பும்போது டர்போவுக்கும் மேல் கேம்ஷாப்டுக்கும் சற்று விரைவாகப் போய்ச் சேரும் என்பது நம் ஊரிலும் உண்மைதான்.

பின்னால் உள்ள 30, 40, 50 ஆகியவை சூடான இன்ஜினில் ஆயிலின் பாகுநிலையை, அதாவது அதன் கெட்டித்தன்மையைக் குறிப்பவை. 100 டிகிரியில் அளக்கும்போது 30 கிரேடு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள்ளும் (பாகுநிலையை அளக்கும் அலகு இது), 40 கிரேடு 12.5 முதல் 16.3-க்குள்ளும், 50 கிரேடு 16.3 முதல் 21.9-க்குள்ளும் இருக்க வேண்டும்.

டப்பாவின் முகப்பில் அச்சிடாத மூன்றாவது எண் ஒன்றும் உண்டு. என் பார்வையில் லோடு வண்டிக்காரர் அறிய வேண்டிய எண் அதுதான். 150 டிகிரி சூட்டில், பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் நசுங்கி விரையும்போது ஆயில் எவ்வளவு தடிமனைத் தக்கவைக்கிறது என்பதைக் காட்டும் எச்டிஎச்எஸ் அளவு அது. 30 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.9, 5டபிள்யூ-40 ஆயிலுக்கு 3.5, 15டபிள்யூ-40 ஆயிலுக்கு 3.7 என்று தரம் வகுக்கப்பட்டுள்ளது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஐரோப்பிய ஏசிஇஏ தரத்தில் சி3 என்று குறித்த ஆயில் 5டபிள்யூ-30 ஆக இருந்தாலும் 3.5-க்குக் குறையக் கூடாது. சி2 என்று குறித்த 5டபிள்யூ-30 ஆயிலுக்கு 2.9 போதும். முகப்பில் ஒரே எண்ணைத் தாங்கி ஒரே அலமாரியில் நிற்கும் இந்த இரண்டு டப்பாக்களும், மலை ஏறும் வண்டியின் பேரிங்குக்கு இரண்டு வேறு ஆயில்கள். ‘30 ஆயில் வெயிலுக்கு ஆகாது’ என்று பொதுவாகச் சொல்வது ஏன் பொருந்தாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை.

நான்காம் படி: வெயிலை அதற்குரிய இடத்தில் வையுங்கள்

ஆயில் கம்பெனிகள் தங்கள் தரவுத்தாளில் பாகுநிலையை 40 டிகிரியிலும் 100 டிகிரியிலும் அளந்து வெளியிடுகின்றன. 40 டிகிரி என்பது அக்கினி நட்சத்திர நாளில் நிழலில் நிறுத்திவைத்த நம் வண்டியின் சம்பில் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியில்) உள்ள ஆயிலின் சூடு என்றே வைத்துக்கொள்ளலாம். சாதாரண 15டபிள்யூ-40 ஆயிலுக்கு அந்தத் தாளில் 40 டிகிரிக்கு எதிரே 110 சென்டிஸ்டோக்ஸ் அளவிலும், 100 டிகிரிக்கு எதிரே 14, 15 அளவிலும் எண்கள் இருக்கும். 20டபிள்யூ-50 ஆயிலுக்கு 40 டிகிரியில் 160-ஐத் தாண்டும். அதாவது நம் மே மாத வெயிலில் நிற்கும் வண்டியில் கூட, வேலை செய்ய வேண்டிய தடிமனைப் போல ஏழு எட்டு மடங்கு கெட்டியாகத்தான் ஆயில் கிடக்கிறது. நமக்கு வேர்த்துக் கொட்டும் சூடு இன்ஜினுக்கு இன்னும் குளிர் நிலைதான்.

இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு வெளிக்காற்றின் பங்கு இன்னும் குறைகிறது. தெர்மோஸ்டாட் கூலண்டைச் சுமார் 90 டிகிரியில் பிடித்து வைக்கிறது. பல டீசல் இன்ஜின்களில் ஆயில் கூலரும் அந்தக் கூலண்டோடு இணைந்தே இயங்குகிறது. வெளியே 28 டிகிரியோ 42 டிகிரியோ, ரேடியேட்டருக்குத் திறன் மிச்சமிருக்கும் வரை சமவெளியில் ஆயில் சூடு பெரிதாக மாறாது. ரேடியேட்டருக்குத் திறன் குறைவதுதான் உண்மையான ஆபத்து. செங்கல் சூளைக்கும் கல்குவாரிக்கும் போய்வரும் வண்டிகளின் ரேடியேட்டர் முன்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்: கீழ்ப்பாதித் தகடுகளுக்கு இடையே செம்மண் தூசி, வைக்கோல் துணுக்கு, செத்த பூச்சிகள் என்று ஒரு கனத்த படலம் படிந்து, காற்று நுழையவே வழியிருக்காது. அதை மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் விட்டு உட்புறமிருந்து வெளிப்புறமாகக் கழுவுவது, கிரேடைக் கூட்டி ஊற்றுவதைவிட ஆயிலுக்கு அதிகப் பாதுகாப்புத் தரும். கூலண்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தையும் இத்தோடு விட்டுவிட வேண்டும்.

அப்படியானால் கெட்டி ஆயிலால் கெடுதல் என்ன என்று கேட்கலாம். இன்றைய டீசல் இன்ஜினில் பிஸ்டனின் அடிப்பாகத்தில் ஆயிலைப் பீய்ச்சிக் குளிர்விக்கும் நுண்குழல்கள் இருக்கின்றன. டர்போவின் தண்டு ஆயில் படலத்தின் மீதே நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. பேரிங் இடைவெளிகளும் குறிப்பிட்ட தடிமனுக்கென்றே கணக்கிடப்பட்டவை. ஆயில் தேவைக்கு மேல் கெட்டியாக இருந்தால் பம்பின் அழுத்தம் கூடி, ரிலீப் வால்வு திறந்து, ஒரு பகுதி ஆயில் இன்ஜினுக்குள் போகாமலே சம்புக்குத் திரும்புகிறது. பில்டரின் பைபாஸ் வால்வும் திறந்துகொண்டால் வடிகட்டாத ஆயிலே உள்ளே ஓடும். ஆக, அழுத்தம் அதிகமாக இருப்பதாலேயே ஆயில் போதுமான அளவு ஓடுகிறது என்று கொள்ள முடியாது. மைலேஜ் குறைவது தனிக்கணக்கு.

கிரேடை மாற்றுவது எப்போதும் தவறு என்றும் நான் சொல்லவில்லை. 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 6.2 லிட்டர் வி8 இன்ஜின் பொருத்திய சில்வரடோ, சியரா பிக்கப்புகளைத் திரும்ப அழைத்தபோது, சோதனையில் தேறிய இன்ஜின்களுக்கு 0டபிள்யூ-20 ஆயிலுக்குப் பதிலாக 0டபிள்யூ-40 ஊற்றும்படி மாற்றியது. அங்கே மூலக்காரணம் கிராங்க், கனெக்டிங் ராடு தயாரிப்பில் நேர்ந்த குறை, வெயில் அல்ல. மாற்றியதும் வண்டியைச் செய்த கம்பெனிதான். புதிய ஆயில் மூடியும் திருத்திய கையேட்டுத் தாளும் கூடவே கொடுக்கப்பட்டன.

ஐந்தாம் படி: லோடையும் வழியையும் கணக்கில் எடுங்கள்

கையேடு இரண்டு கிரேடுகளை அனுமதித்தால், அவற்றுள் எது என்பதை உங்கள் ஓட்டம் தீர்மானிக்கட்டும்.

பதினான்கு கொண்டையூசி வளைவுகள் கொண்ட ஏலகிரிப் பாதையிலோ, போளூர்ப் பக்கமிருந்து ஜவ்வாது மலைக்கோ முழு லோடோடு அடிக்கடி ஏறும் வண்டிக்கு ஆயில் சூடு நீண்ட நேரம் உயர்ந்தே இருக்கும்: வேகம் குறைவு, காற்றோட்டம் குறைவு, டர்போ முழு வேலையில். இங்கே அனுமதிக்கப்பட்டவற்றுள் எச்டிஎச்எஸ் 3.5-க்குக் குறையாத ஆயிலைத் தேர்ந்தெடுங்கள்; அது 5டபிள்யூ-40 ஆகவோ 15டபிள்யூ-40 ஆகவோ சி3 தரத்து 5டபிள்யூ-30 ஆகவோ இருக்கலாம். அதிகப்படி லோடு ஏற்றுபவர்களும் இதே வகைதான். ஆனால் ஒன்றரை டன் வண்டியில் இரண்டரை டன் ஏற்றுபவருக்கு ஆயில் டப்பாவில் தீர்வு கிடைக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலை 48-இல் சென்னைக்கோ பெங்களூருக்கோ சீரான வேகத்தில் போய்வரும் வண்டிக்கு, அனுமதிக்கப்பட்டவற்றுள் மெல்லிய கிரேடு போதும், டீசலும் மிச்சமாகும்.

மூன்றாவது வகைதான் பலரும் கவனிக்காதது. விடியற்காலையில் மார்க்கெட்டில் லோடு ஏற்றி, சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் என்று நாலு கடைக்கு இறக்கி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் இன்ஜினை அணைத்துக் கிளப்பி, பத்து மணிக்குள் வீடு திரும்பும் வண்டி. லோடு குறைவு, தூரம் குறைவு. ஆகவே ஆயிலுக்கு வேலையே இல்லை என்று தோன்றும். உண்மையில் ஆயில் மிக வேகமாகக் கெடுவது இந்த வண்டியில்தான். டிபிஎஃப்பில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்ய, இன்ஜின் வழக்கமான நேரத்துக்குப் பின்னும் சிறிது டீசலைப் பீய்ச்சிப் புகைக்குழாயைச் சுமார் 600 டிகிரிக்குச் சூடேற்றுகிறது. அந்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் ஒட்டி, வழிந்து, சம்பில் இறங்குகிறது. பாதியில் வண்டியை அணைத்தால் சுத்திகரிப்பு முடியாமல் நின்று, அடுத்தமுறை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் டீசல் ஆயிலில் கலக்கும். நீங்கள் ஊற்றிய 40 கிரேடு மெல்ல 30 போலவும், 30 கிரேடு 20 போலவும் நடந்துகொள்ளத் தொடங்கும். இத்தகைய வண்டியை வாரத்துக்கு ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் கால்மணி, அரைமணி நேரம் சீராக ஓட்டி, டிபிஎஃப் விளக்கு எரிந்தால் அது அணையும் வரை நிறுத்தாமல் ஓட்டுங்கள். ஆயில் மாற்றும் இடைவெளிக்குக் கையேட்டில் ‘கடினப் பயன்பாடு’ என்று போட்டிருக்கும் பத்தியைப் பின்பற்றுங்கள். அந்தச் சொல் மலைக்கும் குவாரிக்கும் மட்டும் உரியதன்று.

ஆறாம் படி: டப்பாவின் பின்புறத்தைப் படியுங்கள்

கிரேடு சரியாக இருந்து தரக்குறியீடு தவறினால், டிபிஎஃப் உள்ள வண்டியில் அது கிரேடு தவறுவதைவிடப் பெரிய செலவு வைக்கும். ஆயிலில் சேர்க்கும் கால்சியம், மெக்னீசியம், துத்தநாகக் கலவைகள் எரிந்தால் சாம்பலாகும். கரி எரிந்து போய்விடும். சாம்பல் போகாது, டிபிஎஃப்பில் தங்கி அதை அடைத்துவிடும். அதனால்தான் பிஎஸ்6 டீசலுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் கேட்கப்படுகிறது. ஐரோப்பிய முறையில் சி2, சி3 போன்ற சி வரிசையும், அமெரிக்க ஏபிஐ முறையில் 2016 டிசம்பரில் அறிமுகமான சிகே-4 தரமும் இவ்வகை. சிஐ-4, சிஎச்-4 என்று மட்டும் எழுதியுள்ள டப்பா பிஎஸ்4-க்கும் அதற்கு முந்தைய வண்டிகளுக்கும் ஆகும். டிபிஎஃப் உள்ள வண்டிக்கு ஆகாது.

பழையதும் புதியதுமாக இரண்டு மூன்று வண்டி வைத்திருப்பவருக்குச் சிகே-4 தரம் வசதியானது. சிஎச்-4, சிஐ-4 கேட்கும் பழைய இன்ஜின்களுக்கும் அதை ஊற்றலாம். புதிய வண்டியின் கையேடும் சிகே-4 தரத்தையும் அதே கிரேடையும் ஏற்றால் ஒரே வாளி போதும். சி3 மட்டுமே கேட்டால் தனி டப்பாதான் வாங்க வேண்டும். சிகே-4 தரத்தோடு ஒரே காலத்தில் வந்த எஃப்ஏ-4 எச்டிஎச்எஸ் குறைந்த வேறு வகை. கையேடு பெயர் சொல்லிக் கேட்டாலன்றி வேண்டாம்.

குட்டியானை போன்ற வண்டிகளின் பெட்ரோல் மாடல்களுக்கு ஏபிஐ முறையில் எஸ் என்று தொடங்கும் வரிசை. 2020-இல் வந்த எஸ்பி அவற்றுள் முந்தையவற்றுக்கும் சேர்த்து ஊற்றத்தக்கது. சிஎன்ஜி வண்டிக்குக் கையேடு தனி ஆயில் சொன்னால் அதை மீற வேண்டாம்.

மினரலா, செமி சிந்தெடிக்கா, முழு சிந்தெடிக்கா என்ற விவாதத்துக்கு நான் அதிக இடம் தரமாட்டேன். 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 கேட்கும் வண்டிக்குக் கிடைப்பவை பெரும்பாலும் சிந்தெடிக் வகையே. 15டபிள்யூ-40 கேட்கும் வண்டிக்குத் தரக்குறியீடு சரியாக இருந்தால் நல்ல மினரல் ஆயில் போதும்.

ஏழாம் படி: வாங்குதல், ஊற்றுதல், அளத்தல்

டிரம்மிலிருந்து பிடித்துத் தரும் லூஸ் ஆயிலை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். மூடியின் சீல், டப்பாவில் உள்ள தயாரிப்பு மாதம், ஸ்கேன் செய்யும் குறியீடு மூன்றையும் கடையிலேயே பாருங்கள், பில் வாங்குங்கள். காலி டப்பாவை ஷெட்டில் விட்டுவராமல் அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள். கள்ள ஆயில் நிரப்புபவருக்கு முழுசான பிராண்ட் டப்பாதான் முதல் தேவை.

ஆயிலை மாற்றும்போது இன்ஜின் மிதமான சூட்டில் இருக்கட்டும்; வண்டி சமதரையில் நிற்கட்டும். டிரெயின் போல்டின் வாஷரையும் பில்டரையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். கையேடு சொன்ன அளவில் முக்கால்வாசியை ஊற்றி, பிறகு டிப்ஸ்டிக் பார்த்துப் பார்த்து நிரப்புங்கள். மேல்கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும். நுரையில் படலம் நிற்காது.

அதன்பின் வாரம் ஒருமுறை, காலையில் கிளப்புவதற்கு முன் டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, மீண்டும் முழுதாகச் செருகி எடுத்துப் பாருங்கள். நிறம் கறுத்திருந்தால் கவலை வேண்டாம். டீசல் இன்ஜினில் புது ஆயில் சில நாளிலேயே கறுப்பது கரியைத் தாங்கி வைத்திருப்பதன் அடையாளம். பார்க்க வேண்டியது மட்டத்தை. மட்டம் இறங்கினால் ஆயில் எரிகிறது அல்லது ஒழுகுகிறது. மட்டம் ஏறினால், ‘நம்ம வண்டி ஆயிலே குடிக்கல’ என்று மகிழ்பவர்கள் உண்டு; ஆயில் தானாக வளராது, வந்து சேர்ந்தது டீசல். ஒரு சொட்டை விரல்களுக்கு இடையே தேய்த்து முகர்ந்தால் டீசல் வாடை தெரியும். மேல்கோட்டுக்கு மேல் ஏறிவிட்டால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலையும் பில்டரையும் மாற்றிவிட்டு, சுத்திகரிப்பு ஏன் முடியாமல் போகிறது என்பதைச் சர்வீஸ் சென்டரில் பார்க்கச் சொல்லுங்கள்.

வழியில் ஆயில் குறைந்தால்

பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டி இரவில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று எண்ணாமல் ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணையுங்கள். பத்து நிமிடம் விட்டு மட்டத்தைப் பாருங்கள். மட்டம் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் வண்டியைக் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும். மட்டம் குறைந்திருந்தால், சரியான ஆயில் கிடைக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அருகிலுள்ள பங்கில் கிடைக்கும் டீசல் இன்ஜின் ஆயிலில், சிகே-4 இருந்தால் அதையும், இல்லையென்றால் வேறு தரத்து ஆயிலையும், கீழ்க்கோட்டைத் தாண்டும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். அரை லிட்டர், ஒரு லிட்டர் வேறு ஆயில் கலப்பதைவிட ஆயில் போதாமல் ஓடுவது பல மடங்கு கெடுதல். டூ வீலர் டூடி ஆயிலும் கியர் ஆயிலும் மட்டும் கூடவே கூடாது. என்ன ஆயில், எவ்வளவு என்பதைப் பில்லின் பின்புறம் எழுதிவைத்து, ஊர் திரும்பியதும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். குறைந்த ஆயில் எந்த வழியாகப் போனது என்று அவர் தேடி முடித்த பிறகு, முழு ஆயிலையும் கையேட்டுக் கிரேடுக்கே மாற்றிக்கொள்ளலாம்.